கூப்பிடாத ஊர்கள்

தென்காசிப் பக்கம், கடையத்தில் இருந்துகொண்டு 108 ஆம்புலன்ஸை அழைத்தால் சென்னையில் எடுக்கிறார்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், 600 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நம் ஊரைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்திராதவர், என்ன அவசரம், எந்த மாவட்டம், எந்த ஊர், பக்கத்தில் அடையாளம் என்ன என்று கேட்கிறார். பதற்றத்தில் இருப்பவர் சொல்லும் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். "கல்யாணி அம்மன் கோயிலுக்குப் போற வழில, எங்க சித்தப்பா வீட்டுக்கு எதுத்தாப்ல." சித்தப்பாவைச் சென்னைக்குத் தெரியாது. அவர் பொறுமையாக மறுபடி கேட்பார். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் பைலட் நேராக அழைப்பார். 108-இல் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்கிறார்கள். "அண்ணே, பாவூர்சத்திரம் தாண்டி வந்துட்டு இருக்கேன், ஊருக்குள்ள வந்து எந்தப் பக்கம் திரும்பணும்?" அவருக்குச் சித்தப்பாவையும் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை. வயலில் பாம்பு கடித்தவரை, பனிக்குடம் உடைந்தவளை, பைக்கில் விழுந்தவரைத் தென்காசிக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ, அங்கே முடியாதென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ கொண்டு சேர்க்கிறது. சாதாரண நாளில் இது ஓடும் விதத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. இந்தக் குறிப்புகளில் நான் நினைத்துப் பார்க்க விரும்புவது எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடும் நாளை.

*

காத்திருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதக்காரர் 1909-இலும் 1917-இலும் எழுதிய கட்டுரைகளில் தொடங்கியது அது. எத்தனை பேர் அழைத்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும், எவ்வளவு நேரம் காக்க நேரும் என்பதுதான் அவர் கேள்வி. தொலைபேசி நெரிசலை இன்றும் அவர் பெயரிலேயே அளக்கிறார்கள்.

கணக்கின் மிக எளிய வடிவம் இது. அழைப்பை எடுப்பவர் ஒரே ஆள். அழைப்புகள் ஒழுங்கில்லாமல், தோன்றியபோது வருகின்றன. சில அழைப்புகள் சீக்கிரம் முடியும், சில இழுக்கும். அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், அழைப்பவர் சராசரியாக ஒரு அழைப்பு முடியும் நேரம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் நான்கு அழைப்பு நேரம். 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. ஓர் அழைப்புக்கு இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டால், 80-இல் எட்டு நிமிடம் காத்தவர் 95-இல் 38 நிமிடம் காக்கிறார். கூடியது என்னவோ அவருடைய நேரத்தில் பதினைந்து சதவீதம்தான்.

இதைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வரி வயிற்றைக் கலக்குகிறது. நெரிசல் படிப்படியாக வருவதில்லை. சமாளித்துவிடுகிறோம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். பிறகு திடீரென்று முடியாது.

இந்தக் கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு கட்டுப்பாட்டு அறையில் நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிற தணிக்கைக்காரர் உண்டு. அந்தச் சும்மா இருப்பதுதான் நாம் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு. அதைக் கோப்பில் எழுதி நிரூபிப்பது கஷ்டம். ஒன்றும் நடக்காத ஆண்டுகளில் இன்னும் கஷ்டம்.

*

மாவட்டத்துக்கு ஓர் அறை என்று 38 சின்ன அறைகளாகப் பிரித்து வைப்பதைவிட, மாநிலத்துக்கு ஒரே பெரிய அறை நல்லது என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. தென்காசியில் நெரிசலாக இருக்கும்போது தருமபுரியில் ஓய்வாக இருக்கலாம். எடுப்பவர் பொதுவாக இருந்தால் அந்த ஓய்வு நமக்குக் கிடைக்கும். கொடுக்கும் விலை, சித்தப்பாவைத் தெரியாமல் போவது. ஆட்சியர் அலுவலகத்தின் 1077 அதற்கு மாறு. எடுப்பவர்கள் சிலரே, ஆனால் கோவிந்தப்பேரி எங்கே, மந்தியூர் எங்கே என்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். இரண்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒன்று நிரம்பும்போது மற்றதற்கு வழி திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

*

கடையத்தைச் சுற்றிக் குளங்கள். மேற்கே மலையில் இருந்து கடனாவும் ராமநதியும் ஜம்புநதியும் இறங்குகின்றன. கால்வாய் வழியாக ஒரு குளம் பெருகி, அது மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குப் போகிறது. எந்தக் குளமும் தன்னால் தாங்க முடியாத தண்ணீரைத் தாங்குவதாகக் கட்டப்படவில்லை. நிரம்பிய பிறகு எந்த இடத்தில் வழிய வேண்டும் என்பதைக் கட்டியவர் முதலிலேயே முடிவு செய்து, அந்த இடத்தில் கல்லை வைத்துப் பூசி வைத்தார். மறுகால் இல்லாத குளம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கரை உடைந்தது என்று அதைத்தான் சொல்கிறோம்.

அழைப்பு அறைக்கும் மறுகால் வேண்டும். எந்த அளவுக்கு மேல் வந்தால் எது எங்கே போகும் என்று வெயில் காலத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். கரண்ட் எப்போ வரும் என்று கேட்பவருக்குப் பதிவு செய்த குரல் போதும். மரம் விழுந்தது, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை என்பது குறுஞ்செய்தியாக வரலாம். வீட்டுக்குள் தண்ணீர், மாடியில் இருக்கிறோம் என்பது வரிசைக்கு. மாடியும் இல்லை, கைக்குழந்தை இருக்கிறது என்பது உடனே. இந்தப் பிரிவினையை நள்ளிரவில், பத்து விளக்கு ஒன்றாக மின்னிக்கொண்டிருக்கும்போது, எடுப்பவர் தன் மனசாட்சியை வைத்து யோசித்துச் செய்யும்படி விடக்கூடாது. அது அவருக்குச் செய்யும் கொடுமை. யாரைக் கொஞ்சம் காக்க வைப்பது என்ற பாவத்தை முன்கூட்டியே, பகலில், பலர் சேர்ந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு ஏற்க வேண்டும்.

எடுப்பவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. முதலில் இடத்தைக் கேட்பது. பெயரையும் நடந்ததையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இணைப்பு எந்த நொடியும் அறுந்துபோகக்கூடிய இரவில், இடம் மட்டும் தாளில் இருந்தால்கூட ஒரு வண்டி அந்தத் திசையில் கிளம்பலாம். என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டு, இடம் கேட்பதற்குள் அறுந்துபோனால் கையில் இருப்பது துக்கம் மட்டும்தான்.

*

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கி மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மலைமேல் மாஞ்சோலையில் 55. கடலோரத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்ய வேண்டியதைவிட அதிகமாக ஒரே நாளில் பெய்தது. நம் பக்கத்துக் கடனாவும் ராமநதியும் போய்ச் சேர்வது திருப்புடைமருதூரில், தாமிரபரணியில். மேற்கே இறங்கிய தண்ணீரும் கிழக்கே வானத்திலிருந்து விழுந்த தண்ணீரும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தில் சந்தித்துக்கொண்டன.

அந்த இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னை புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் போகும் பாதையில் ஜல்லியைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலும். சுற்றிலும் தண்ணீர். ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரில் இருந்து உணவு போட்டார்கள். 19-ஆம் தேதிதான் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சிக்குப் போக வைத்து, தனி ரயிலில் சென்னைக்கு அனுப்ப முடிந்தது.

அந்த 800 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று முதல் இரவிலேயே எல்லோருக்கும் தெரியும். ரயில் என்பதால் கணக்கு இருந்தது, பட்டியல் இருந்தது, நிலையம் என்று ஒரு பெயர் இருந்தது. பாதை போய்விட்டது, வண்டியை விடாதே என்ற சின்னச் செய்தி நேரத்துக்குச் சேர்ந்து, சொன்னவர் சொல்லைக் கேட்டவர் நம்பினார். அதற்குப் பிறகு வந்த எந்த ஆயிரம் அழைப்பும் அந்த ஒரு செய்திக்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

*

ஏரல் வேறு கதை. ஆற்றங்கரை ஊர். சாலை துண்டாகி, மின்சாரம் போய், செல்போன் கோபுரங்கள் அணைந்து, ஊர் தனித்து நின்றது. கோபுரத்துக்குப் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். டீசல் கொண்டுபோக சாலை வேண்டும். சாலைக்குப் பக்கத்தில் புதைத்த கண்ணாடி இழைக் கேபிளும் சாலையோடு போய்விடும். ஒன்றுக்கொன்று மாற்று என்று நாம் நினைத்திருந்தவை எல்லாம் ஒரே பாலத்தின் மேல் போனவை.

அந்த நாட்களில் வெளியூரில் இருந்த பிள்ளைகள் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அரசு அறிவித்த வாட்ஸ்அப் எண்ணுக்கும், சமூக வலைதளங்களுக்கும் வேண்டுகோள்கள் குவிந்தன. யாருடைய வேண்டுகோள்? கோபுரம் இன்னும் உயிரோடு இருந்த தெருக்களில் இருந்தவர்களுடையது. அல்லது சென்னையிலும் துபாயிலும் பெங்களூரிலும் மகனோ மகளோ இருந்தவர்களுடையது.

அழைப்பு அறையில் இருப்பவர் கேட்பது எப்போதும் கூப்பிட முடிந்தவர்களின் குரலைத்தான். திரையில் சிவப்புப் புள்ளிகள் எங்கே குவிகின்றனவோ அங்கே துன்பம் அதிகம் என்று கண் சொல்லும். மிக மோசமாக அடிபட்ட இடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. படகுகள் புள்ளிகளை நோக்கிப் போகும். நெரிசலைப் பற்றி எவ்வளவோ யோசித்தாலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். சத்தத்தைச் சமாளிப்பது பாதி வேலை. எந்தப் பக்கம் சத்தமே வரவில்லை என்று கவனிப்பது மறுபாதி. அதற்கென்று யாருமே உட்கார்ந்திருப்பதில்லை.

*

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. காவல்துறையில் வயர்லெஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். போலீஸ்காரர்கள் அதை மைக் என்பார்கள். மைக்கில் சொல்லியாச்சு, மைக்கில் வந்தது. அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், டீ ஆறிப்போகும்.

"ஒரு சானல்ல ஒருத்தன்தான் பேச முடியும் பாத்துக்கிடுங்க. ரெண்டு பேர் சேந்து அமுக்கினா என்ன ஆகும்னு நெனைக்கிய? ரெண்டும் கலந்து கேக்கும்னுதான சொல்லுவிய? கேக்காது. பக்கத்துல நிக்கிறவன் சிக்னல் தூரத்துல நிக்கிறவன அமுக்கிரும். பக்கத்துல உள்ளவன் பேச்சு மணி மாதிரி கேக்கும். அமுங்கினவன் பேசினதே இங்க தெரியாது. அவனுக்கும் தான் அமுங்கினது தெரியாது. பதில் வரலையேன்னு மட்டும்தான் தெரியும்."

இது அந்த வகை வானொலியின் இயல்பு. பண்பலை அலையை வாங்கும் கருவி இரண்டில் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு தள்ளிவிடும். அவர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டாரா, நின்று தெரிந்துகொண்டாரா என்று கேட்கவில்லை.

"அப்ப என்ன செய்வீங்க?"

"பேர் கூப்பிடணும். மணிக்கு ஒரு தடவ எல்லாரையும் வாய மூடச் சொல்லிட்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனா ஒவ்வொரு பேரா கூப்பிடணும். இருக்கேன்னு சொல்லணும். சொல்லாதவன் பேருக்கு நேர ஒரு கோடு. மறுபடி ஒரு தடவ. அப்பவும் சொல்லலைன்னா அங்க ஒரு ஆள அனுப்பு. அவன் சும்மா டீ குடிக்கப் போயிருந்தாலும் பரவால்ல, அனுப்பு."

இந்தப் பேர் கூப்பிடுதல் எனக்குப் பிடித்துப்போயிற்று. கேட்பவன் காத்திருப்பதை விட்டுவிட்டுத் தானே தேடிப் போகிறான். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இரண்டு நிமிடம் எல்லோரையும் வாயடைத்து வைக்கத் துணிச்சல் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் ஓர் அவசரச் செய்தி காத்திருந்துதான் ஆக வேண்டும். தெரிந்தே செய்ய வேண்டும்.

*

மைக் ஒழுக்கம் என்று அண்ணாச்சி சொல்பவை: அமுக்கும் முன் கேள். அமுக்கியதும் ஒரு நொடி பொறு. இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும், முதல் சொல் பெரும்பாலும் ஊரின் பெயர். என்ன சொல்லப்போகிறாய் என்று அமுக்கும் முன்பே மனதில் சொல்லிப் பார். சொன்னதை எதிராளி திருப்பிச் சொல்லும் வரை அது சொல்லப்படவில்லை. எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல். கோபத்தில் அமுக்காதே.

கடைசி ஒன்றுக்கு அவர் சிரித்தார். நிறைய அமுக்கியிருப்பார் போல.

மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருபவர்களிடம் நான் கற்றதைவிட இந்த ஒரு நொடிப் பொறுமையில் கற்க அதிகம் இருக்கிறது என்று தோன்றியது. வீட்டில் முயன்று பார்க்கலாம். பேசுவதற்கு முன் ஒரு நொடி. வீட்டில் யாரும் மைக்கை விடுவதில்லை என்பது தனிப் பிரச்சினை.

*

1935 நவம்பர் 10, லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புக்குச் சொல்ல தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்தில் வரிசையில் நிறுத்தப்பட்டார். ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் தி டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30-இல் 999 வந்தது. அவசர எண் என்ற ஏற்பாடே நெரிசலில் பிறந்ததுதான். உதவி இல்லாமல் இல்லை, ஆளும் வண்டியும் இருந்தன. நடுவில் ஒரு வரிசை இருந்தது.

*

அதே லண்டனில் 1992 அக்டோபர் 26. ஆம்புலன்ஸ் சேவை கணினிக்கு மாறிய நாள். எந்த வண்டி எங்கே என்பது கணினிக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை நம்பித்தான் எல்லாம். சில வண்டிகளின் இடம் தவறாகப் பதிவானது. கணினி தூரத்து வண்டியை அனுப்பியது, சில நேரம் ஒரே இடத்துக்கு இரண்டை அனுப்பியது. இதைக் கவனி என்று திரையில் எச்சரிக்கைகள் வந்தன. கவனிக்க ஆள் போதவில்லை. புதியவை வர வர பழையவை திரையை விட்டு மேலே ஏறி மறைந்தன. வண்டி வராதவர்கள் மறுபடி அழைத்தார்கள். ஒவ்வொரு மறு அழைப்பும் நெரிசலைக் கூட்டியது. நெரிசல் கூடக் கூட வண்டிகள் இன்னும் தாமதமாயின. இன்னும் பலர் மறுபடி அழைத்தார்கள். மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4-இல் கணினி முழுக்க நின்றுவிட, தாளும் பேனாவும்.

   

லண்டன் கதையில் நான் தங்கும் இடம் மறு அழைப்பு. காத்திருப்பவர் ஏன் மறுபடி அழைக்கிறார்? தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால். உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது, வண்டி வர நேரமாகும், இந்த எண் உங்களுடையது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் பலர் போனைக் கீழே வைப்பார்கள். வண்டியை விரைவுபடுத்த முடியாத நேரத்திலும் உண்மையைச் சொல்ல முடியும். நேரமாகும் என்று சொல்ல அதிகாரிகளுக்கு ஏனோ கை வருவதில்லை. இதோ வந்துவிடும் என்று சொல்லிப் பழகிவிட்டோம்; கல்யாண வீட்டில் அது செல்லும்.

குறுஞ்செய்திக்கு இன்னொரு வசதி. குரல் அழைப்புக்குப் பேசி முடிக்கும் வரை ஒரு தடம் தனியாக வேண்டும். குறுஞ்செய்தி சின்ன இடுக்கில் நுழைந்துவிடும். எதிர்ப்பக்கம் சிக்னல் இல்லையென்றால் காத்திருந்து சேரும். மழை இரவில் அம்மாவுக்குப் பத்து தடவை போன் போட்டுப் பார்ப்பவர், நல்லா இருக்கியா என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு விலகினால், அந்தத் தடத்தில் யாரோ ஒருவருடைய 108 போகும். இதைச் சொல்வது எளிது. அம்மா ஏரலில் இருக்கும்போது செய்வது எளிதில்லை.

சுற்றுக்கு விடும் வேண்டுகோள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 சென்னை வெள்ளத்திலும் இது நடந்தது: மீட்கப்பட்டுவிட்டவர்களைக் காப்பாற்றச் சொல்லும் செய்தி நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. தேதி இல்லை, நேரம் இல்லை. அனுப்பியவர் நல்லவர். அந்த நல்லெண்ணம் ஒரு படகைக் காலி மாடிக்கு அனுப்பும். செய்தியில் தேதியும் மணியும் போடுவதும், ஆள் கிடைத்துவிட்டார் என்றால் அதையும் அதே சுற்றில் விடுவதும் பெரிய தொண்டு என்று நினைக்கிறேன்.

*

கடையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு பாரதியைக் கொண்டுவருவார்கள். கவிஞரின் மனைவி செல்லம்மாளின் ஊர், 1918 முதல் 1920 வரை பாரதி இங்கே இருந்தார், ஆகவே வழக்கம். எனக்கு இங்கே தேவைப்படுவது வேறொரு பாரதி.

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் வானொலிக்காரர்களோடு அந்தமானில் இருந்து பேசுவது அந்தப் பயணத்தின் நோக்கம். ஒரு விளையாட்டுப் போலத்தான். 26-ஆம் தேதி காலை நிலம் ஆடியது, பிறகு கடல் வந்தது, தொலைபேசிகள் போயின. அவருடைய கருவி வேலை செய்தது. விளையாட்டை நிறுத்திவிட்டு, தீவுக்கும் கண்டத்துக்கும் நடுவே செய்தி கடத்த உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட நேரத்தில் கடத்தப்படும் செய்திகளில் பெரும்பகுதி மருந்தோ படகோ கேட்பதாக இருப்பதில்லை. இன்னார் உயிரோடு இருக்கிறார். இன்னாருடைய வீட்டுக்குச் சொல்லவும். வானொலிக்காரர்கள் இதைத் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள், அவசரச் செய்திகளுக்குப் பின்னால் வரிசையில். வரிசையில் பின்னால் நிற்பதால் அது சின்னச் செய்தி ஆகிவிடாது. பெறுகிறவருக்கு அதுதான் உலகம். முன்னுரிமை வேறு, மதிப்பு வேறு. நெரிசலில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அழைப்பவரிடம் எரிந்து விழுகிறார்கள்.

*

சில ஆபத்துகளுக்கு அழைக்கவே நேரம் இருப்பதில்லை. 2024 மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாற்று வெள்ளம் இறங்கியது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை மேலே காட்டுக்குள் பெய்கிறது. கீழே ஈரத்துண்டோடு நிற்பவருக்கு வானம் ஒன்றும் சொல்வதில்லை. மேலே பெருகிய தண்ணீர் கீழே வருவதற்குள் இருக்கும் நேரம் ஒரு போன் எடுத்துப் பேசி முடிக்கும் நேரம்தான். அங்கே தகவல் தொடர்பு என்பது கரையில் நிற்கும் காவலரின் விசில். விசிலுக்கு யாரும் வரிசையில் நிற்க வேண்டாம், எல்லோர் காதிலும் ஒரே நொடியில் விழும். மேலே ஒரு கண், கீழே ஒரு விசில், நடுவே அறுந்துபோகாத ஒரு தொடர்பு.

*

அழைப்பை எடுப்பவர்களைப் பற்றி எழுதாமல் போகக் கூடாது.

மருத்துவருக்கு நோயாளியின் முடிவு தெரியும். பைலட்டுக்குப் பாதியாவது தெரியும். எடுத்தவருக்குத் தெரியாது. வண்டி இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றதும் அந்த அழைப்பு மூடப்படுகிறது. அடுத்த விளக்கு மின்னுகிறது. நெரிசல் நாளில் ஒரே பணிநேரத்தில் எத்தனையோ கதைகளின் மிக மோசமான ஒரு நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். குழந்தை பிழைத்ததா, மாடியில் இருந்த தாத்தா இறங்கினாரா? யாரும் அவருக்குத் திருப்பிச் சொல்வதில்லை. அந்தக் குரல்கள் பேருந்தில் அவரோடு வீடு வரை வரும் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். சில நேரம் மறுநாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்வாராம். "பேப்பர்ல வந்தா கெட்டதுன்னு அர்த்தம். வரலைன்னா நல்லதுன்னு வச்சிக்கிடுவேன்."

நன்றி சொல்லி ஓர் அழைப்பு உள்ளே போக வழியே இல்லாமல் அந்த அறைகளைக் கட்டியிருக்கிறோம். அவசரம் இல்லாத அழைப்பு அல்லவா அது. தனியாக ஓர் எண், எடுக்க ஆள் வேண்டாம், பதிவானால் போதும், உணவு இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம். செலவு அதிகம் ஆகாது.

*

இந்த வட்டாரத்துக்குப் பேர் கூப்பிடும் பட்டியல் ஒன்று எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் அண்ணாச்சியும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். அரசாங்கம் கேட்டதல்ல, எங்கள் ஆசைக்கு. ஐப்பசி பிறக்கும் முன் முடிக்க வேண்டும் என்றார். ஊரின் பெயர், அங்கே போனை எடுக்கக்கூடிய ஒரு ஆள், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர், அந்த ஊருக்குப் போகும் சாலையில் முதலில் தண்ணீர் ஏறும் இடம். அவ்வளவுதான்.

பொட்டல்புதூர், ரவணசமுத்திரம், முதலியார்பட்டி எளிதாக முடிந்தன. கடை வைத்திருப்பவர்கள், ஜமாத்துக்காரர்கள், ஒரு தலைமை ஆசிரியர். சிவசைலத்துக்கும் ஆள் கிடைத்தார். மலை அடிவாரத்து ஊர்கள் வரும்போது அண்ணாச்சி நிறுத்தி நிறுத்தி எழுதினார். ஆள் இருக்கிறார், வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வரப்புக்கு வந்தால்தான் எடுக்கும். மழையில் வரப்புக்கு யார் வருவார்? அந்த ஊர்களுக்கு நேராக ஒரு நேரத்தை எழுதினோம். மழை பிடித்தால் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வரப்புக்கு வரவேண்டும் என்று அவர்களிடம் சொல்லி வைப்பது.

பிறகு அவர் எல்லையைத் தாண்டி, காரையாறு அணைக்கும் மேலே, காணி மக்களின் குடியிருப்பான இஞ்சிக்குழி என்று எழுதினார். அணைத் தண்ணீரைப் படகில் கடந்து, பிறகு காட்டுக்குள் நடந்து சேரும் இடம். அது நம் பட்டியலில் வராதே, அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அவர்களும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்றார்.

பெயருக்கு நேராக யாருடைய எண்ணை எழுதுவது? வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவருடையதை வாங்கலாம் என்றார். அவர் அன்று கீழே இறங்கியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அப்ப ரெண்டு பேர் நம்பர வாங்குவோம். ஒருத்தர் எறங்கும்போது இன்னொருத்தர்ட்ட சொல்லிட்டு எறங்கட்டும்."